சந்தை வீடு

அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் அந்த ஓட்டை வழியாக எதிரி தப்பிவிடுவான். இது பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. பள்ளிக்கூடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. தெருமுனைக் கூட்டங்களில் கையில் திணிக்கப்பட்ட துண்டறிக்கைகளை எழுத்துக்கூட்டிப் படித்தே வாசிக்கவும் கோபப்படவும் கற்றுக்கொண்டவன் நான்.

முதலாவது, தண்ணீர். எங்கள் கரிசல் ஊரில் வீட்டுக்காரர்கள் குழாய்க்குப் பூட்டுப் போட்டார்கள். தண்ணீர் வரும் நாளில் தங்கள் தொட்டி நிறைந்து வழிந்த பிறகுதான் குடியிருப்பவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இரண்டாவது, வெளிச்சம். ஒரே மீட்டரில் நான்கு குடும்பங்களை வைத்து, சட்டைக்கு இஸ்திரி போட்டாயா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது, சாதி. வீடு கேட்டுப் போனவனிடம் எந்த ஊர் என்றார்கள், ஊரைச் சொன்னதும் எந்தத் தெரு என்றார்கள், தெருவைச் சொன்னதும் வீடு நேற்றே போய்விட்டது என்றார்கள். நான்காவது, பிறப்பு. நிறைமாதக்காரியைத் தீட்டு என்று சொல்லி வெளியேற்றினார்கள். அவள் கூட்டுறவுக் கடைத் தாழ்வாரத்தில் பிள்ளை பெற்றாள். ஐந்தாவது, சாவு. வாடகை வீட்டில் சாவு விழக்கூடாது, விழுந்தால் பிணத்தை வீட்டில் கிடத்தக்கூடாது என்பது எங்கள் ஊரில் எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாமலே எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிறது.

இந்த ஐந்தையும் எதிர்த்து வாடகைக் குடியிருப்போர் சங்கம் கண்டவன் நான். முதல் நான்கில் கொஞ்சம் ஜெயித்தோம். ஐந்தாவதில் ஜெயிக்கவில்லை. அந்த ஐந்தாவதுதான் பால்துரையையும் அவன் மனைவி சண்முகக்கனியையும் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவந்தது.

பால்துரை பஸ் டெப்போவில் மெக்கானிக், சண்முகக்கனிக்கு நூல் மில்லில் வேலை. பால்துரையைப் பெற்ற அய்யா தங்கையா தீப்பெட்டி ஆபீசில் உழைத்து நுரையீரலைக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் கிடந்தார். வீட்டுக்காரர் ஒருநாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டு, போகும்போது மரியாதையாகவே சொல்லியிருக்கிறார், காலாகாலத்தில் பெரியவரைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று. சொந்த ஊரில் அவர்களுக்குக் கைப்பிடி மண் கிடையாது. அதனால் வீடு வாங்கப்போகிறோம், சங்கத்திலிருந்து விலகிக்கொள்கிறோம் என்று சொல்ல வந்திருந்தார்கள்.

"போங்க போங்க. வீடு வாங்குனவன் எவன் சங்கத்துல இருந்திருக்கான்? அடுத்த வருசம் நீங்களும் மாடி எடுத்து வாடகைக்கு விட்டுட்டு, எங்களுக்குக் கதவைச் சாத்துவீங்க" என்றேன்.

"மாடி எடுத்தா முதல்ல உங்களுக்குத்தான் தலைவரே. அட்வான்ஸ் மட்டும் பத்து மாசம்" என்றாள் சண்முகக்கனி. பால்துரை சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை.

ஆனாலும் நான் அச்சடித்து வைத்திருந்த 'முதல் வீடு வாங்குவோர் கவனத்துக்கு' என்ற துண்டறிக்கையைக் கொடுத்தேன், ஏனென்றால் கோபம் வேறு, கடமை வேறு. வீட்டை வெயிலில் பார்க்காதே, அடைமழையில் போய்ப் பார், தெருத்தண்ணீர் யார் வாசலில் வந்து நிற்கிறது என்று தெரியும். கரிசலுக்கு மேலே கட்டினார்களா, கரிசலைத் தோண்டிச் சுக்கான்பாறையைத் தொட்டுக் கட்டினார்களா என்று கொத்தனாரைத் தேடிப் பிடித்துக் கேள், கரிசல் மழைக்கு ஊதும் வெயிலுக்குப் பிளக்கும், அதன் மேல் நிற்கும் சுவர் அதனோடு சேர்ந்து மூச்சுவிடும். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகுமா என்று ஒரு செம்பு கொண்டுவந்து வேகவைத்துப் பார். பிரசவ வலி வந்தால் ஆட்டோ வாசல்வரை வருமா, பாடை தெரு திரும்புமா என்று நடந்து பார். தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கத்தையும் விற்பவன் காட்டும் வக்கீலிடம் காட்டாதே, உன் வக்கீலிடம் காட்டு. கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்: வாசல் எந்தத் திசை என்று மட்டும் கேட்காதே, அது மூடநம்பிக்கை.

அவர்கள் பார்த்து வைத்திருந்த வீடு பால்பண்ணைத் தெருவில் இருந்தது. வாழ்நாள் முழுக்க வாடகையில் இருந்த சுப்பையா என்பவர் கடைசிக் காலத்தில் கட்டிய வீடு. சுக்கான்பாறைவரை தோண்டிக் கட்டியது, சுவரில் ஒரு மயிர்க்கோடு விரிசல் கிடையாது, தண்ணீரில் பருப்பு பூவாக வெந்தது. சுப்பையா செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் விடியலில், படுத்திருந்த எருமை எழுந்து நிற்பதுபோல ஒரு சத்தம் போட்டு, கிழக்கே பார்த்திருந்த அந்த வீடு மேற்கே பார்த்துத் திரும்பிக்கொண்டது. மறுநாள் வடக்கே பார்த்தது. அதற்கடுத்த நாள் தென்கிழக்கே.

கரிசல் மண்ணில் வீடு அசையாதா என்றது தெரு. ஐப்பசி மழைக்கு மண் இறுகினால் நின்றுவிடும் என்றார் கொத்தனார். ஐப்பசி வந்தது, மண் இறுகியது, வீடு திரும்பிக்கொண்டுதான் இருந்தது. பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் தெரு அதற்குப் பழகியிருந்தது. மின்வாரியத்து ஆள் வயர் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கக் கம்பத்திலிருந்து கூடுதலாக ஒரு சுருள் விட்டுக் கொடுத்தார், பிளம்பர் இரும்புக் குழாயை அறுத்தெறிந்துவிட்டு ரப்பர் குழாய் மாட்டினார், நகராட்சி எந்தத் தெருவுக்கு வாசல் என்று தெரியாமல் நான்கு தெருவின் பெயரிலும் வரி கேட்டு நோட்டீஸ் ஒட்டியது, பின்வீட்டுப் பேச்சித்தாய் செவ்வாய்க்கிழமைதோறும் முன்வாசல் தன் பக்கம் வருவதால் அன்றைக்கு அந்தப் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள், காம்பஸ் வைத்துக்கொண்டு வந்த வாஸ்துக்காரர் ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டு இது எல்லா ராசிக்காரர்களுக்கும் வாரத்தில் ஒருநாள் பொருந்தும் வீடு என்று எழுதிக் கொடுத்துக் காணிக்கை வாங்கிப் போனார். திங்களன்று எங்கள் ஊர்ச் சந்தை, வீடு சந்தைத் திடலைப் பார்த்தது. செவ்வாயன்று புளியங்குளத்துச் சந்தை, வீடு மேற்கே பார்த்தது. புதன் ஆலம்பட்டி, வடக்கு. வீட்டைப் பார்த்தே தெரு கிழமை சொல்லியது. அதற்குச் சந்தை வீடு என்று பேரும் வைத்தது. சந்தை பார்க்க ஆசைப்படுகிற வீடு, பாவம், இருந்துவிட்டுப் போகட்டும் என்றது.

வீட்டை விற்க நின்றவர்கள் சுப்பையாவின் மகன்கள் குருநாதன், சிதம்பரம். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்து மெயின்ரோட்டில் வசதியாக இருந்தார்கள். கிழக்கு வாசல் கேட்கிறவர்களைத் தரகர் ஞாயிற்றுக்கிழமையும், வடக்கு வாசல் கேட்கிறவர்களைப் புதன்கிழமையும் கூட்டிவந்தார். முன்பணம் கொடுத்த ஒரு வாத்தியார், சம்பந்தி வீட்டாரை அழைத்துவந்த அன்றைக்கு வீடு அவர்களுக்குப் பின்புறத்தைக் காட்டி நின்றதால் மனம் முறிந்து போய்விட்டார்.

பால்துரைக்குத் திசை முக்கியமில்லை. அய்யாவைக் கிடத்தக் கூரையுள்ள ஓர் இடம், போ என்று சொல்ல யாருமில்லாத ஓர் இடம், அவ்வளவுதான். சண்முகக்கனிக்கும் அதுதான். ஆனால் அவள் என் துண்டறிக்கையைப் படித்தவள், அதிலும் அடைமழையில் பார் என்ற வரியைப் படித்தவள். ஆகவே ஐப்பசியில் வானம் இடிந்து விழுந்த ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் குடை பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போனாள். தண்ணீர் எங்கும் தேங்கவில்லை, நல்ல மேடு. வெள்ளி சாலைப்பட்டிச் சந்தை, வீடு தெற்கே பார்த்திருக்க வேண்டும். சாலைப்பட்டி ஓடையில் வெள்ளம் போனதால் அன்றைக்குச் சந்தை கிடையாது. வீடு தெற்கே பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மில்லுக்குப் போக அவளும் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போனாள். பஸ் ஓடவில்லை. கூரைக்குக் கீழே ஒரே ஒருத்தி, மூடிய இரண்டு ஓலைக்கூடைகளுக்கு நடுவே கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கருவாட்டக்கா. தினம் ஒரு சந்தைக்குக் கருவாடு கொண்டுபோகிறவள். தங்கையாவின் வாய்க்கு வேறு எதுவும் ருசிக்காமல் போன பிறகு, திங்கள்தோறும் அவளிடம்தான் சண்முகக்கனி நெத்திலி வாங்கினாள்.

சண்முகக்கனி அவளைப் பார்த்தாள், திரும்பி வந்த வழியைப் பார்த்தாள், குடையை மடக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, பால்பண்ணைத் தெருச் சந்தை வீட்டுக்கும் உங்களுக்கும் என்னக்கா?"

அவள் கூடையின் சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

"எங்க அய்யா கட்டுன வீடு தாயி. நிலை வைக்கும்போது மஞ்சள் பூசுனவ நான்."

எங்கள் பக்கத்தில் தலைவாசல் நிலையை நிறுத்தும்போது அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முதலில் கையைக் கொடுத்துப் பிடிக்கிறவள் வீட்டில் பிறந்த பெண். அண்ணன் தம்பி நின்று பார்ப்பார்கள், கொத்தனார் நிமிர்த்துவார், பிறந்தவள் பிடிப்பாள். அந்த நிலையைப் பிடித்த கையோடு அவள் கடற்கரைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். அண்ணன்மார் அவளுக்குத் தலைமுழுகினார்கள். அய்யா செத்ததும் தாலுகா ஆபீசில் வாரிசு இரண்டே பேர் என்று எழுதி வாங்கினார்கள். புருசன் கடலோடு போன பிறகு ஊருக்குத் திரும்பி வந்தவள், காலனியில் ஒரு குச்சு வீட்டில் வாடகைக்கு இருந்தாள்.

"அது உங்களையேல்லாக்கா பாக்குது" என்றாள் சண்முகக்கனி.

"பாக்கட்டும். வேற யாரு பாக்கா? அதான் நான் அந்தத் தெருப்பக்கமே போறதில்ல. கிட்ட போனா அதுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

அன்று சாயங்காலம் புருசனும் பெண்டாட்டியும் என் அலுவலகத்தில் வந்து சண்டை போட்டார்கள், தங்கையாவின் காதில் விழக்கூடாதே என்பதற்காக. பால்துரை சொன்னதில் நியாயம் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். வாரிசுச் சான்று சுத்தமாக இருக்கிறது, வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது, ஊர் தலைமுழுகியவளுக்காக நாம் ஏன் நிற்க வேண்டும், அய்யா இந்த மாசம் தாங்கமாட்டார், அந்தம்மாவைச் சேர்க்க வேண்டும் என்றால் அண்ணன்மார் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள், வாங்குகிறவன் இதையெல்லாம் கேட்கமாட்டான்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"சரி, வாங்கியாச்சு. மாமாவைத் தலையத் தெக்க வச்சுக் கிடத்துறோம். விடிஞ்சதும் வீடு திரும்பும். தலை எங்க போகும்னு சொல்லு."

செத்தவனின் தலை தெற்கே இருக்க வேண்டும் என்பதும் மூடநம்பிக்கைதான். ஆனால் அதைச் சொல்ல எனக்கு அந்த நேரத்தில் நாக்கு எழவில்லை.

மறுநாள் மூவரும் லாரி ஆபீசுக்குப் போனோம். குருநாதன் காபி வரவழைத்தான். எங்களுக்குக் கூடப்பிறந்தவள் என்று யாரும் கிடையாது, சந்தேகம் இருந்தால் தெருவில் கேட்டுப் பாருங்கள் என்றான். அவன் குரலில் பயமே இல்லை. தெருவை அவனுக்குத் தெரியும்.

தெருவில் கேட்டோம். நாங்கள் பிறகு குடிவந்தவர்கள் என்றது ஒரு வீடு. அந்த வீட்டுச் சுவரில் சுப்பையா பெரிய மீசையோடு நிற்கும் கல்யாணப் போட்டோ தொங்கியது. பெரியவர்கள் விவகாரம் என்றது இன்னொரு வீடு, தலை நரைத்தவர் வாயால். பேச்சித்தாய் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவ கருவாடு உப்புக் கம்மியா, நல்லா இருக்கும். அது தெரியும்" என்றாள். சந்தைக்குப் போய் அவளிடம் வாங்குவார்கள், பேரம் பேசுவார்கள், ஒரு கை கூடுதலாக அள்ளிப் போடச் சொல்வார்கள், அக்கா என்பார்கள். அந்த வீடு எதைப் பார்க்கிறது என்று அந்தத் தெருவில் தெரியாதவர்கள் ஒருவருமில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் அதற்குச் சந்தை வீடு என்று பேர் வைத்தார்கள். அற்புதத்தைவிடச் சுலபமாக ஊர் விழுங்குவது அநியாயத்தைத்தான்.

நான் போஸ்டர் ஒட்டினேன். கண்டனக் கூட்டம் போட்டேன். ஒலிபெருக்கிக்காரரும் நானும் இருந்தோம். துண்டறிக்கையில் ஒரு வரி சேர்த்து மறுபடி அச்சடித்தேன்: வீட்டைக் கட்டியவனுக்கு மகள் உண்டா என்று கேள், மகனிடம் கேட்காதே, தெருவில் கேள், தெரு பேசாமல் இருந்தால் உண்டு என்று அர்த்தம். அதை வாங்கியவர்கள் மடித்து விசிறிக்கொண்டார்கள்.

தங்கையா ஒரு திங்கட்கிழமை உச்சி வேளையில், மழை நடுவே, நெத்திலிக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றில் இரண்டு வாய் வாங்கிவிட்டுச் செத்துப்போனார். வீட்டுக்காரர் கேட்டில் வந்து நின்றார். அவர் கெட்டவரில்லை, கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். வண்டி வாடகையை நானே கொடுத்துவிடுகிறேன் என்றார், ஆனால் இருட்டுவதற்குள் எடுத்துவிடுங்கள் என்றார். இருட்டுவதற்குள் எடுத்து எங்கே போவது? தூத்துக்குடியிலிருந்து மகள் வர வேண்டும், திருப்பூரிலிருந்து தம்பி வர வேண்டும். பால்துரை அய்யாவை வண்டியில் ஏற்றி, அந்த வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, கால்பக்கம் உட்கார்ந்து தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் வீட்டுக்காரரைப் பார்த்துக் கோஷம் போட்டேன். என் குரல் மழையில் எனக்கே கேட்கவில்லை.

செய்தி சந்தைக்குப் போயிருக்கிறது. கருவாட்டக்கா கூடைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நனைந்துகொண்டே வந்தாள். வண்டியில் தலையை நீட்டித் தங்கையாவைப் பார்த்தாள். பிறகு சண்முகக்கனியிடம், "எங்க வீட்டுக்குக் கொண்டு வா" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு முன்னால் நடந்தாள்.

அவள் பால்பண்ணைத் தெருவுக்குள் நுழைந்தபோது, விடியலில் மட்டுமே திரும்புகிற அந்த வீடு, பட்டப்பகலில், அவள் நடக்க நடக்க அவளோடு சேர்ந்து திரும்பியது, சுவரிலிருந்து காரைப்பொடி உதிர, ஜன்னல்கள் கிடுகிடுக்க, கிழக்கிலிருந்து தெற்குக்கும் தெற்கிலிருந்து தென்மேற்குக்கும். அவள் வாசலுக்கு நேரே வந்து நின்றதும் நின்றது. தெரு முழுக்கத் தலைகள். ஒருவரும் இறங்கவில்லை. பெருக்கிச் சுத்தம் செய்வதற்காக அண்ணன்மார் பேச்சித்தாயிடம் சாவி கொடுத்து வைத்திருந்தார்கள். பேச்சித்தாய் வெகு நேரம் தன் வாசலில் நின்றாள். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சாவியை நீட்டினாள்.

தங்கையாவைக் கூடத்தில் கிடத்தினோம், தலை தெற்கே. கருவாட்டக்கா நிலையில் சாய்ந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

எங்கள் ஊரில் எந்தப் பகையானாலும் தெருவில் விழுந்த சாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. போனால் வாசலில் இருப்பவர் கையைத் தொடாமல் உள்ளே போக முடியாது. பெண்கள் என்றால் கட்டிப்பிடித்து அழ வேண்டும், அழுதால் உறவுமுறை சொல்லித்தான் அழ வேண்டும். ஒப்பாரியில் சொன்ன முறையை மறுநாள் மாற்றிச் சொன்னவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. கலெக்டர் முன்னால் சொன்ன சாட்சியை மாற்றுவார்கள், இதை மாற்றமாட்டார்கள். நாற்பது வருசம் ஊர்வலம் விட்ட எனக்கு இது தோன்றவில்லை. எந்தத் துண்டறிக்கையிலும் இது இல்லை. ஒரு பிணம் வந்து படுத்துச் செய்தது.

பேச்சித்தாய்தான் முதலில் வந்தாள். படியில் குனிந்து, கருவாட்டக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தெருவே கேட்கும்படி குரலெடுத்தாள்.

"எங்க சுப்பையா அண்ணன் பெத்த மகளே, உன்னை வாசல்ல விட்டுட்டு நாங்க உள்ள இருந்தமே..."

அதன் பிறகு தெரு வந்தது. போட்டோ வைத்திருந்த வீடு வந்தது, தலை நரைத்தவர் வந்தார், ஒவ்வொருவராக அவள் கையைத் தொட்டு, தொட்ட கையைத் துடைத்துக்கொள்ளாமல் உள்ளே போனார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் குருநாதனும் சிதம்பரமும் காரில் வந்து இறங்கினார்கள், கூட ஒரு வக்கீல் குமாஸ்தா. சாவு வீட்டு வாசலில் சண்டை போட முடியாது. தெரு பார்த்துக்கொண்டிருந்தது. முன்னால் நின்ற குருநாதன் கையை நீட்டியாக வேண்டும், நீட்டினான். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. அவன் முகத்தை நான் பார்த்தேன். அதை வெற்றி என்று எழுதிக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது, ஆனால் அவன் அழுதுகொண்டிருந்தான்.

மறுநாள் செவ்வாய், புளியங்குளத்துச் சந்தை. விடிந்தது. வீடு திரும்பவில்லை. தங்கையா தலை தெற்கே வைத்தபடியே, வந்து சேர்ந்த மகள் முகத்தில் விழித்து, தென்மேற்கே பார்த்த வாசல் வழியாகப் போனார்.

தை பிறந்ததும், வீட்டைப் பால்துரை பேருக்கு எழுதி வாங்கச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கூடினோம். சாட்சிகள் பேச்சித்தாயும் நானும். அண்ணன்மார் இருவரும் சுவரோரமாக நின்றார்கள். கூட்டம் அதிகம், படித்துக் காட்ட நேரமில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்தைப் போடுங்கள் என்றார் பத்திரம் எழுதுகிறவர். படிக்காமல் போட மாட்டேன் என்றேன் நான். பேச்சித்தாயும், "படிங்க சாமி, எங்க காதுல விழட்டும்" என்றாள். பால்துரை கைகட்டி நின்றான். சண்முகக்கனி கருவாட்டக்காவைப் பெஞ்சிலிருந்து எழுப்பி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிவிட்டு, உரக்கப் படித்தார். விற்பவர்கள்: சுப்பையா மகன் குருநாதன். சுப்பையா மகன் சிதம்பரம். மின்விசிறிக் காற்றில் புரண்ட தாளைப் பிடித்து அடுத்த பக்கம் திருப்பினார்.

"சுப்பையா மகள் உலகம்மாள்."